சோபாவுக்கு லாரி உண்டு, நாய்க்கு மட்டும் இடமில்லை!

அமெரிக்க ராணுவத்தில் ஒருவருக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டால், அவர் வீட்டுச் சோபா கவலைப்பட வேண்டியதே இல்லை. அரசாங்கச் செலவில் ஆட்கள் வருவார்கள். போர்வை சுற்றிக் கட்டி லாரியில் ஏற்றுவார்கள். கட்டில், டிவி, பிள்ளைகளின் சைக்கிள், போன மாற்றலில் கட்டி இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டி, எல்லாம் போகும். இ-5 நிலையில் உள்ள சார்ஜென்ட் குடும்பஸ்தர் என்றால் 9,000 பவுண்டு, அதாவது நாலு டன்னுக்கு மேல் சாமான் கொண்டுபோகலாம். கர்னல், அதற்கு மேல் என்றால் 18,000 பவுண்டு. பியானோ கூடப் போகும். வெளிநாட்டு மாற்றல் என்றால் பெரும்பாலும் ஒரு காரும் அரசாங்கச் செலவில் கப்பலேறும்.

நாய்?

உயிருள்ள எதையும் வீட்டுச் சாமானோடு ஏற்றக்கூடாது என்பது விதி. நியாயமான விதிதான். ஆகஸ்ட் மாத வெயிலில், மூடிய லாரிக்குள் நாயை அடைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. கேள்வி வேறு. லாரியில் வேண்டாம், சரி... அப்புறம் எப்படிப் போவது? இதற்கு அமெரிக்க ராணுவம் நீண்டகாலம் வைத்திருந்த பதில், "அது உங்கள் பாடு".

2023 கடைசி வரை நிலைமை இப்படித்தான் இருந்தது. தனிமைப்படுத்தல் கட்டணம் என்ற ஒன்றுக்கு மட்டும் 550 டாலர் வரை திருப்பித் தருவார்கள். விமான டிக்கெட், கூண்டு, மருத்துவச் சான்றிதழ், ஏஜென்ட் கட்டணம் எல்லாம் சிப்பாயின் சட்டைப் பையிலிருந்து. 2024 ஜனவரி 1 முதல் ஒரு மாற்றம் வந்தது. அமெரிக்க நிலப்பரப்புக்குள் மாற்றல் என்றால் 550 டாலர் வரை, கடல் கடந்து என்றால் 2,000 டாலர் வரை திருப்பித் தரப்படும். நல்ல செய்திதான். ஆனால் இதில் ஒரு கொக்கி இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு ஒரே ஒரு பிராணி. நாயோ பூனையோ, ஒன்றே ஒன்று. இரண்டாவது நாய்க்கும் மூன்றாவது நாய்க்கும் அரசாங்கத்தின் கணக்கில் இருப்பே கிடையாது.

சாமானை எடை போட்டு, பதவியையும் குடும்பத்தையும் பார்த்து வரம்பு வைக்கத் தெரிந்த இலாகாவுக்கு, நாய் என்று வந்தால் மட்டும் ஒன்றுக்கு மேல் எண்ணத் தெரியவில்லை!

இதன் சிரமம் புரிய ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். டெக்சாஸ் மாநிலம் சான் அன்டோனியோவில் இருக்கும் விமானப்படை சார்ஜென்ட். மனைவி, இரண்டு பிள்ளைகள், மூன்று நாய்கள். ஒன்று லாப்ரடார். இன்னொன்று பக், அந்தச் சப்பை மூக்கு நாய். மூன்றாவது, காப்பகத்திலிருந்து எடுத்து வந்த கலப்பினம், பார்ப்பதற்குக் கொஞ்சம் பிட்புல் மாதிரி இருக்கும். மாற்றல், ஜப்பானில் ஒகினாவா தீவிலுள்ள கடேனா விமானத்தளத்துக்கு.

முதல் சுவர், நாள் கணக்கு. ஜப்பானில் 1957க்குப் பிறகு உள்நாட்டு நாய்களிடையே வெறிநோய் கிடையாது. அதைக் கட்டிக்காக்க அவர்கள் கறாரான விதி வைத்திருக்கிறார்கள். முதலில் மைக்ரோசிப். அதன் பிறகு குறைந்தது 30 நாள் இடைவெளியில் இரண்டு வெறிநோய்த் தடுப்பூசி. பிறகு ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி போதிய அளவு இருக்கிறதா என்று பரிசோதனை. ரத்தம் எடுத்த நாளிலிருந்து 180 நாள் காத்திருப்பு. வருவதற்கு 40 நாள் முன்பே அறிவிப்பு வேறு கொடுக்க வேண்டும். முதலிலிருந்து தொடங்கும் நாய்க்கு ஏறக்குறைய ஏழு மாதம் ஆகிவிடும். 180 நாள் முடியாமல் போய் இறங்கினால், மிச்ச நாட்களைத் தனிமைப்படுத்தலில் கழிக்க வேண்டும். ஜப்பான் மீது குறை சொல்ல ஒன்றுமில்லை. கையில் உத்தரவு வந்து மூன்று நாலு மாதத்தில் கிளம்பு என்று சொல்கிற அமெரிக்க ராணுவத்தைத்தான் கேட்க வேண்டும். ஏழு மாத வேலையை நாலு மாதத்தில் எப்படி முடிப்பது?

அந்த நாலு மாதம் கூட நிச்சயமில்லை. 2023 ஜூலையில் பணப் பற்றாக்குறை என்று சொல்லி அமெரிக்க விமானப்படை மாற்றல்களையே திடீரென்று நிறுத்தி வைத்தது. பிறகு சில நாட்களில் மறுபடி தொடங்கியது. மனிதர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு காத்திருந்து விடுவார்கள். தேதி போட்ட மருத்துவச் சான்றிதழும், முன்பதிவு செய்த கூண்டு இடமும் காத்திருக்காது.

இரண்டாவது சுவர், விமானம். ராணுவக் குடும்பங்களை வெளிநாடு கொண்டுபோக 'பேட்ரியாட் எக்ஸ்பிரஸ்' என்ற சேவை இருக்கிறது. அரசாங்கம் வாடகைக்கு எடுக்கும் விமானங்கள். ஒகினாவாவுக்கு சியாட்டிலிலிருந்து கிளம்பும். டெக்சாஸிலிருந்து சியாட்டில் வரை போய்ச் சேருவதே ஒரு பெரிய யாத்திரை. போய்ச் சேர்ந்தாலும் ஒரு குடும்பத்துக்கு இரண்டு பிராணிதான். அதுவும் இடம் இருந்தால். ஒவ்வொரு விமானத்திலும் பிராணிகளுக்கான இடம் கொஞ்சம்தான், முந்தியவருக்கே பந்தி. மூன்றாவது நாய்? தனியார் விமானத்தைத் தேட வேண்டும்.

தனியார் விமானங்களின் கதை இன்னும் மோசம். 2018 மார்ச்சில் அமெரிக்க உள்நாட்டு விமானம் ஒன்றில், தலைக்கு மேலிருக்கும் பெட்டித் தட்டில் வைக்கப்பட்ட ஒரு சின்ன நாய் செத்துப்போனது. பெரிய கூச்சல் எழுந்தது. அந்த நிறுவனம் நாய்களைச் சரக்காக ஏற்றும் சேவையை நிறுத்திவைத்து, மறுபடி தொடங்கியபோது சப்பை மூக்கு இனங்களையும் சில பெரிய இனங்களையும் எடுக்க மாட்டோம் என்றது. சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுத் திணறல் வரும் என்பது உண்மை, அதனால் பல நிறுவனங்கள் அவற்றைத் தொடுவதே இல்லை. ஆக, பக்குக்கு வழி அடைபட்டது. வெப்பம் 85 டிகிரி பாரன்ஹீட்டை, அதாவது 29 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் எந்த நாயையும் ஏற்ற மாட்டோம் என்பது பரவலாக உள்ள இன்னொரு விதி. இதுவும் நாயின் உயிரைக் காக்கத்தான்.

இங்கேதான் வேடிக்கை. பிள்ளைகளின் பள்ளி கெடக்கூடாது என்று ராணுவம் மாற்றல்களில் பெரும்பகுதியை மே முதல் ஆகஸ்ட் வரை வைக்கிறது. அதாவது டெக்சாஸிலும் ஜார்ஜியாவிலும் தார் உருகுகிற மாதங்களில். நாயை ஏற்ற முடியாத மாதங்களாகப் பார்த்து நாய்க்காரர்களைக் கிளப்புகிறது! யாரும் வேண்டுமென்று செய்ததல்ல. ஆனால் இந்த இரண்டு காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு அதிகாரிக்கும் தோன்றவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு.

மூன்றாவது சுவர், வீடு. எப்படியோ கடன் வாங்கி, மூன்று நாய்களையும் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். தளக் குடியிருப்புகளில் பொதுவான வரம்பு வீட்டுக்கு இரண்டு பிராணி. ஏன் இரண்டு? வீட்டின் பரப்பளவைப் பார்த்தார்களா, நாயின் அளவைப் பார்த்தார்களா என்றால் இல்லை. 60 கிலோ மாஸ்டிஃப் இரண்டு இருக்கலாம். மூன்று கிலோ சிவாவா மூன்று இருக்கக்கூடாது! இரண்டு என்ற எண்ணில் என்ன மகிமையோ...

எண்ணிக்கையில் தப்பினாலும் இனப் பட்டியலில் மாட்டும். 2009 ஜனவரியில் அமெரிக்கத் தரைப்படை, தனியார் நடத்தும் தன் குடியிருப்புகளில் பிட்புல், ராட்வீலர், டோபர்மேன், சௌசௌ, ஓநாய்க் கலப்பு ஆகியவற்றுக்குத் தடை போட்டது. அதே ஆண்டில் மரைன் படையும் பிட்புல், ராட்வீலர், ஓநாய்க் கலப்புகளைத் தடை செய்தது. இதற்குப் பின்னால் ஒரு துயரம் இருக்கிறது, அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 2008ல் வட கரோலினாவின் கேம்ப் லெஜூன் மரைன் தளத்துக் குடியிருப்பில் மூன்று வயதுச் சிறுவனை ஒரு பிட்புல் கடித்துக் கொன்றது. அப்படி ஒரு சாவுக்குப் பிறகு ராணுவம் கைகட்டி உட்கார்ந்திருக்க முடியாது. ஏதாவது செய்யத்தான் வேண்டும்.

ஆனால் செய்தது என்ன? இந்த நாய் கடிக்குமா என்று கேட்பதற்குப் பதில், இந்த நாய் பார்க்க எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். கலப்பின நாயைக் கண்ணால் பார்த்து இனம் சொல்வது, முகத்தைப் பார்த்து ஜாதகம் சொல்வது மாதிரி. அடிக்கடி தப்பும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கமே இனத்தின் பேரில் தடை போடுவதை ஏற்கவில்லை. தனித்தனி நாயின் நடத்தையையும், சொந்தக்காரரின் பொறுப்பையும் பார் என்பதுதான் அவர்கள் சொல்வது. அதைவிட வேடிக்கை மரைன் படையின் நடைமுறை. ஏற்கெனவே குடியிருப்பில் இருந்த தடை இன நாய்களுக்கு நடத்தைப் பரிசோதனை வைத்தார்கள். தேறியவற்றுக்கு விதிவிலக்கு கொடுத்தார்கள். எதுவரை? 2012 செப்டம்பர் 30 வரை. அதாவது இந்த நாய் ஆபத்தில்லை என்று ராணுவமே பரிசோதித்துச் சொன்ன பிறகும், ஒரு தேதி வந்ததும் அது வெளியேற வேண்டும். பரீட்சையில் பாஸ் செய்தவனைப் பள்ளியை விட்டுத் துரத்துவது எந்த ஊர் நியாயம்?

கற்பனைக் குடும்பத்துக்குத் திரும்புவோம். லாப்ரடார் விமானத்தில் ஏறும், வீட்டுக்குள்ளும் நுழையும். பக்குக்கு ராணுவ விமானத்தில் இடம் கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கலப்பின நாய், எண்ணிக்கையிலும் மாட்டும், பட்டியலிலும் மாட்டும். அதை யாரிடம் விட்டுவிட்டுப் போவது? பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

இதைப் படித்ததும் சிலருக்குச் சுள்ளென்று ஒரு கேள்வி வரும். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஊர் மாறும் வேலை என்று தெரியும் இல்லையா, அப்புறம் எதற்கு மூன்று நாய்? கேட்க நன்றாக இருக்கிறது. இதே வாதத்தைக் கொஞ்சம் நீட்டினால், எதற்கு மூன்று பிள்ளை, எதற்கு வேலைக்குப் போகும் மனைவி, எதற்கு வயதான அம்மா என்று போய் நிற்கும். பிள்ளையும் நாயும் ஒன்றா என்று சண்டைக்கு வர வேண்டாம். ஒன்றல்ல. ஆனால் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை பள்ளிக்கூடம், நண்பர்கள், தெரு, எல்லாவற்றையும் தொலைக்கிற பிள்ளைக்கு, புது வீட்டிலும் அதே வாலாட்டலோடு காத்திருக்கும் ஒரு ஜீவன் எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும். அப்பா ஆறு மாதம், ஒன்பது மாதம் போர்முனைக்குப் போய்விடும் வீடுகளில் இரவுக் காவலும் துணையும் இந்த நாய்கள்தான்.

இன்னொரு முக்கியமான வித்தியாசம். ஒரு கம்பெனி ஊழியர் மாற்றல் பிடிக்காவிட்டால் ராஜினாமா கடிதம் நீட்டலாம். சிப்பாயால் முடியாது. ஒப்பந்தக் காலம் முடியும்வரை உத்தரவை மீறுவது ராணுவச் சட்டப்படி குற்றம். போகாமல் இருக்க வழியில்லாதவனை, போகச் சொல்பவன்தான் அவன் குடும்பத்துக்கு வழி செய்து தர வேண்டும். இதில் தர்மம் எதுவும் இல்லை, இது வெறும் கணக்கு.

அடுத்த கேள்வி, வரிப்பணம். யாரோ நாலு நாய் வளர்ப்பதற்கு ஊரார் ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஆண்டுக்கு 80,000 கோடி டாலருக்கு மேல் பாதுகாப்புக்குச் செலவழிக்கும் நாடு அது. அதில் மாற்றல்களுக்கு மட்டும் ஏறக்குறைய 500 கோடி டாலர். யானை வாங்கியவன் அங்குசத்துக்கு யோசித்த கதைதான். அதோடு, யாரும் எல்லையில்லாமல் கேட்கவில்லை. சாமானுக்கு இருப்பது போல ஒரு நியாயமான மொத்த வரம்பு போதும். பழைய அலமாரிக்குப் பதிலாக என் நாயின் கூண்டு போகட்டும் என்று ஒரு குடும்பம் தேர்ந்தெடுக்க முடிந்தாலே பாதிப் பிரச்னை தீரும். இன்று அந்தத் தேர்வே கிடையாது. எடை வரம்பில் இரண்டு டன் பாக்கி விட்டுப் போகும் குடும்பத்துக்கும் இரண்டாவது நாய்க்கு ஒரு சென்ட் கிடைக்காது.

மூன்றாவது கேள்வி, முன்கூட்டியே தயாராக இருக்கலாமே என்பது. இதில் நியாயம் உண்டு. ஜப்பான் கேட்கும் ரத்தப் பரிசோதனை இரண்டு வருஷம் செல்லும். ஹவாய் தீவுக்கும் இதே மாதிரி பரிசோதனை வேண்டும். முன்பே செய்து வைத்திருந்தால் நேராக வீட்டுக்குப் போகலாம், இல்லாவிட்டால் 120 நாள் வரை தனிமைப்படுத்தல், நாய் ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேல் செலவு. பொறுப்பான குடும்பங்கள் இதைச் செய்துகொள்ளத்தான் வேண்டும். ஆனால் அடுத்த மாற்றல் கான்சாஸா, குவாமா, ஜெர்மனியா என்று தெரியாத நிலையில், எந்த ஊருக்கோ தேவைப்படலாம் என்று வருஷா வருஷம் மூன்று நாய்க்கும் பணம் கட்டிப் பரிசோதனை செய் என்பது சுலபமான உபதேசம். இந்தப் பரிசோதனையைச் செய்யும் ஆய்வுக்கூடம் ராணுவத்திடமே சான் அன்டோனியோவில் இருக்கிறது! தளங்களில் கால்நடை மருத்துவமனைகளும் ராணுவத்துடையவைதான். வருடாந்தரத் தடுப்பூசிக்கு நாய் வரும்போதே, குடும்பம் விரும்பினால், இந்த ரத்தப் பரிசோதனையையும் அடக்க விலையில் எடுத்து வைத்தால் என்ன? ஊசி அங்கே, டாக்டர் அங்கே, லேப் அங்கே. இல்லாதது மனசுதான்.

இதையெல்லாம் செய்யத் தெரியாத அரசாங்கமா அது? நாயின் அருமை அமெரிக்க ராணுவத்துக்குத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. சான் அன்டோனியோவின் லாக்லாண்ட் தளத்தில்தான் அவர்களுடைய போர் நாய்கள் பயிற்சி பெறுகின்றன. அந்த நாய்களுக்கு விமானத்தில் இடம் உண்டு, மருத்துவர் உண்டு. ஒரு காலத்தில் ஓய்வுபெற்ற போர் நாய்களைக் கொன்றுவிடுவது வழக்கமாக இருந்தது. 2000 நவம்பரில் ராபி என்ற நாயின் பெயரால் வந்த சட்டம் அவற்றைத் தத்துக் கொடுக்க வழி செய்தது. 2021 ஆகஸ்டில் வந்த இன்னொரு சட்டம், போரினால் மனம் பாதிக்கப்பட்ட முன்னாள் வீரர்கள் நாய்களைப் பழக்குவதன் மூலம் ஆறுதல் பெறும் திட்டத்தைத் தொடங்கியது. ஆக, நாய் மனிதனைக் குணப்படுத்தும் என்பதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஒரு போர் நாயைப் பழக்கிய வீரர், அது ஓய்வு பெற்றதும் பாசத்தால் வீட்டுக்குக் கூட்டி வந்தால்? அந்த நிமிஷத்திலிருந்து அது சாதாரண வீட்டு நாய். நேற்று வரை ராணுவ விமானத்தில் பறந்த அதே நாய், வீட்டில் இன்னொரு நாய் இருந்தால், அடுத்த மாற்றலில் இரண்டில் எதற்குப் பணம் கேட்பது என்ற கணக்கில் போய் நிற்கும்.

ஓட்டையை அடைப்பது யார்? தொண்டர்கள். 'டாக்ஸ் ஆன் டிப்ளாய்மென்ட்' என்ற அமைப்பை 2011ல் ஒரு ராணுவத் தம்பதி தொடங்கினார்கள். வீரர்கள் திரும்பி வரும்வரை நாய்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளைத் தேடித் தருகிறார்கள். கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்கள். ஆனால் உலகத்திலேயே அதிகம் செலவழிக்கும் ராணுவத்தின் குடும்பங்கள், ஒரு மாற்றலைச் சமாளிக்க அறக்கட்டளை வாசலில் நிற்க வேண்டியிருப்பது அந்த ராணுவத்துக்குப் பெருமையா?

கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வெறிநோய் இல்லாத நாடுகளுக்கும் தீவுகளுக்கும் போகிறவர்களுக்கு உத்தரவை எட்டு மாதம் முன்பே கொடு. அவசரம் என்றால் தனிமைப்படுத்தல் செலவை முழுசாக ஏற்றுக்கொள். திருப்பித் தரும் பணத்தை ஒரு பிராணிக்கு என்று பூட்டாமல், குடும்பத்துக்கு இவ்வளவு என்று மொத்தமாக வை. கோடையில் ராணுவ விமானங்களில் கூண்டுகளுக்கான இடத்தைக் கூட்டு. வீட்டுக்கு இரண்டு என்பதை வீட்டின் அளவையும் நாயின் அளவையும் பார்த்து மாற்று. இனப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு, ஒவ்வொரு நாய்க்கும் நடத்தைப் பரிசோதனை வை. தேறாத நாய் எந்த இனமானாலும் உள்ளே வேண்டாம், தேறிய நாய் எந்த இனமானாலும் இருக்கட்டும். கடிக்கிற லாப்ரடாரையும் அதுதான் பிடிக்கும், அந்த மூன்று வயதுக் குழந்தைக்குச் செய்யும் உண்மையான மரியாதையும் அதுதான்.

2025 மே மாதம் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒரு உத்தரவு போட்டது. கட்டாயமில்லாத மாற்றல்களுக்கான செலவைப் படிப்படியாகக் குறைத்து 2030 நிதியாண்டுக்குள் பாதியாக்க வேண்டும் என்று. அடிக்கடி ஊர் மாறுவது குடும்பங்களை வதைக்கிறது என்பதையும் காரணமாகச் சொன்னார்கள். நல்லது. அப்படி மிச்சமாகும் பணத்தில் ஒரு சிறு பங்கை, இனியும் மாறியே ஆக வேண்டியவர்களின் இரண்டாவது, மூன்றாவது நாய்க்கு ஒதுக்கினால் கஜானா காலியாகிவிடாது. இதற்குப் புதுப் படை திரட்ட வேண்டாம், புது ஆயுதம் வாங்க வேண்டாம். விதிப் புத்தகத்தில் 'ஒன்று' என்று இருக்கும் இடத்தைத் திருத்தினால் போதும்.